அடுத்த விமானம் எப்போது?

2.7 கிலோமீட்டரை ஒரு நிமிடத்தில் தாண்டும் விமானம் ஒரு பக்கம். வழியில் இறங்க இடமே இல்லாத 3,700 கிலோமீட்டர் கடல் மறுபக்கம். உலகின் ஒதுக்குப்புற விமான நிலையங்களை நம்பி வாழ்பவர்களின் தூரக் கணக்கு.

எட்டுப் பயணிகள்தான் ஏறலாம். அதில் ஒருவருக்கு விமானியின் பக்கத்து இருக்கையே கிடைக்கும். பணிப்பெண் கிடையாது, துணை விமானி கிடையாது. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறி உட்காரும் விமானி, கழுத்தைத் திருப்பி பெல்ட் போடச் சொல்கிறார். இரண்டு எஞ்சின்களும் உறுமத் தொடங்கிவிட்டால் அதற்குமேல் பேச்சு கேட்காது. சிறிய ஓடுபாதையில் கொஞ்ச தூரம் ஓடியதுமே சக்கரம் தரையை விடுகிறது. கீழே சாம்பல் நிறக் கடல், பாறைக் கரை, அலையின் வெள்ளை நுரை. சில நூறு அடி உயரம் வந்ததும் விமானம் ஏறுவதை நிறுத்திக்கொள்கிறது. எதிரே, முன்கண்ணாடி வழியே, இறங்கவேண்டிய ஓடுபாதை முழுசாகத் தெரிகிறது. பக்கத்து இருக்கைக்காரர் கேமராவை வெளியே எடுப்பதற்குள் சக்கரம் மறுபடி மண்ணைத் தொட்டுவிடுகிறது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் லோகன்ஏர் விமானம் இது. கால அட்டவணை போட்டு ஓடும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே மிகக் குறுகிய தூரம் போவது இதுதான். 1967 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதை 3,658 மீட்டர். அதாவது, மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நீளத்துக்குள்ளேயே இந்த இரண்டு தீவுகளின் விமான நிலையங்களும் அடங்கிவிடும்.

அட்டவணையில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடியில் கடந்ததுதான் சாதனை. 2013இல் ஓய்வு பெறுவதற்குள் இந்தப் பாதையில் பன்னிரண்டாயிரம் முறைக்கு மேல் பறந்தவர் அவர்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது ஒரு வேடிக்கை. பறந்ததற்குச் சான்றிதழ்கூட உண்டு. ஆனால், பாப்பா வெஸ்ட்ரேயில் வசிக்கும் நூற்றுக்கும் குறைவான மக்களுக்கு இது பஸ். பள்ளிக்கு வந்துபோகும் சிறப்பு ஆசிரியர், மருத்துவர், கால்நடை மருத்துவர், பெருந்தீவின் தலைநகர் கிர்க்வாலில் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர், 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய 'நாப் ஆஃப் ஹவர்' கற்கால வீட்டைப் பார்க்க வரும் தொல்லியல் மாணவர் என எல்லோருக்கும் அந்த எட்டு இருக்கைகள்தான். விமானம் வரும் நேரத்தில் தீயணைப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஓடுபாதை ஓரம் நிற்பவர்களும் அதே தீவின் மக்களே. மற்ற நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை.

இரண்டு தீவுகளுக்கும் இடையே படகும் ஓடுகிறது. கடல் அமைதியாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் கொண்டுவிட்டுவிடும். வட அட்லாண்டிக்கின் குளிர்காலக் கடல் அமைதியாக இருக்கும் நாட்கள் குறைவு. அதனால்தான் 2.7 கிலோமீட்டருக்கு ஒரு விமானம் வேண்டியிருக்கிறது.

நேர்க்கோடு பொய் சொல்லும்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கைபேசி உடனே சொல்லிவிடுகிறது. உருண்டையான பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வளைகோட்டைக் கணக்கிட்டு, அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துத் தருகிற எண் அது. சென்னை-டெல்லி போன்ற பாதைகளில் அந்த எண் ஏறக்குறைய சரியாக வரும். ஒதுக்குப்புறங்களில் அது பெரும்பாலும் தவறு.

முதல் காரணம், தரையிலும் ஏறி இறங்குவதிலும் கழியும் நேரம். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதை முனைக்குப் போய்ச் சேர்வது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது இவற்றுக்கெல்லாம் ஆகும் நேரம், தூரம் குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. 53 விநாடியில் 2.7 கிலோமீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 183 கிலோமீட்டர் வேகம். அதே பாதையை அட்டவணைப்படி இரண்டு நிமிடத்தில் கடந்தால் வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர்தான். நம் நான்குவழிச் சாலையில் கார் அதைவிட வேகமாகப் போகிறது.

இரண்டாவது, காற்று. மூன்றாவதும் மிக முக்கியமானதும், இறங்க முடியாமல் போனால் எங்கே போவது என்ற கேள்வி. சென்னையில் மழை கொட்டினால் விமானம் பெங்களூருக்குத் திரும்பிவிடும். நடுக்கடல் தீவில் அந்த வசதி கிடையாது. மாற்று விமான நிலையம் எட்டாத தொலைவில் உள்ள இடங்களுக்குப் பறக்கும் ஜெட் விமானங்கள், சேரவேண்டிய இடத்துக்கு மேலே வந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருளை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தக் கூடுதல் எரிபொருளின் எடை பயணிகளின் எண்ணிக்கையில் கழிகிறது. பயணிகள் குறைந்தால் டிக்கெட் விலை ஏறுகிறது.

---

பெட்டிச் செய்தி: தூரமும் நேரமும்

வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே (ஸ்காட்லாந்து): 2.7 கி.மீ., அட்டவணைப்படி 2 நிமிடம்

ரேங்கல் – பீட்டர்ஸ்பர்க் (அலாஸ்கா): சுமார் 50 கி.மீ., வானில் பத்து நிமிடத்தை ஒட்டி

திருச்சி – பலாலி (யாழ்ப்பாணம்): சுமார் 185 கி.மீ.

கொச்சி – அகத்தி (லட்சத்தீவு): சுமார் 460 கி.மீ., ஏடிஆர் விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்

செயின்ட் ஹெலினா – அசென்ஷன் (தென் அட்லாண்டிக்): சுமார் 1,300 கி.மீ., ஏறக்குறைய 2 மணி நேரம். மாதம் ஒருமுறை என்ற கணக்கில் தொடங்கப்பட்ட சேவை

சாண்டியாகோ – ஈஸ்டர் தீவு (சிலி): சுமார் 3,760 கி.மீ., 5 மணி நேரத்தை ஒட்டி

---

டார்வின் பார்த்த காற்று

நெப்போலியன் தப்பிக்கவே முடியாது என்று நம்பி பிரிட்டிஷார் 1815இல் அவரைக் கொண்டுபோய் வைத்த இடம் செயின்ட் ஹெலினா. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக் நடுவே ஓர் எரிமலைப் பாறை. நாலாயிரத்துச் சொச்சம் மக்கள். நெப்போலியன் அங்கேயே 1821இல் இறந்தார். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டு நெருங்கும்வரை அந்தத் தீவுக்குக் கடல் வழி மட்டும்தான். 'ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா' என்ற கப்பல் கேப்டவுனிலிருந்து ஐந்து இரவுகள் பயணம் செய்து வந்து சேரும். அரிசி, மருந்து, கடிதம், காரின் உதிரிபாகம், ஊருக்குத் திரும்பும் பிள்ளை என எல்லாம் அந்த ஒரே கப்பலில்.

தீவில் ஒருவர் தீவிர சிகிச்சை தேவைப்படும் நோயில் விழுந்தால் என்ன செய்வது? கப்பல் துறைமுகத்தில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிட்டன் அரசு 28.5 கோடி பவுண்டு செலவில் அங்கே விமான நிலையம் கட்டியது. தட்டையான நிலமே அரிதான தீவு. 'ட்ரை கட்' என்ற பள்ளத்தாக்கை ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்துக்கு, சுமார் 80 லட்சம் கன மீட்டர் பாறை கொட்டி நிரப்பி, அதன்மேல் ஓடுபாதை போட்டார்கள். 2016 மே மாதம் திறப்பு விழா என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய மாதம் சோதனைக்காக வந்த போயிங் 737 விமானம், ஓடுபாதையை நெருங்கும்போது திடீரெனத் திசையும் வேகமும் மாறும் காற்றில் சிக்கித் தடுமாறியது. திறப்பு விழா ஒத்திப்போடப்பட்டது. உலகின் மிகப் பயனற்ற விமான நிலையம் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. நாடாளுமன்றக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டது.

இந்தக் காற்று புதிதல்ல. 1836இல் பீகிள் கப்பலில் அங்கே வந்த சார்லஸ் டார்வின், செங்குத்தான பாறை விளிம்பில் நின்றபோது, தன்னைச் சுற்றிக் காற்று அசையாமல் இருக்க, சில கஜ தூரம் தள்ளிக் கடற்பறவைகள் பலத்த காற்றோடு போராடுவதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கடலிலிருந்து வரும் காற்று பாறைச் சுவரில் மோதி மேலே எழும்புகிறது. விளிம்பைத் தாண்டியதும் அதன் போக்கு மாறுகிறது. அப்படியொரு விளிம்பில்தான் ஓடுபாதையின் முனை இருக்கிறது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் புத்தகத்தில் அச்சான ஒன்றை, கோடிக்கணக்கில் செலவழித்துத் திட்டமிட்டவர்கள் போதிய கவனத்தோடு எடைபோடவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அந்தத் தாமதத்தின் சுமையைத் தாங்கியவர்கள் தீவு மக்கள். விடுதி கட்டக் கடன் வாங்கியவர்களும், கடை விரித்தவர்களும் விருந்தாளி வராமல் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்கள்.

2017 அக்டோபர் 14 அன்று முதல் வணிக விமானம் வந்து இறங்கியது. தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம், போயிங்கைவிடச் சிறிய எம்ப்ரேயர் ஜெட்டைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய நூறு பேர் உட்காரக்கூடிய அந்த விமானத்தில் 76 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்ற வரம்போடு சேவை தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் பழைய கப்பல் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது.

இந்தப் பாதையில் ஒரு விந்தை உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தீவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 3,700 கிலோமீட்டர். அந்த முதல் விமானங்கள் போகும்போது நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். திரும்பும்போது அந்த நிறுத்தம் தேவையில்லை; ஒன்றரை மணி நேரம்போல மிச்சம். போகிற விமானம், காற்று இறங்கவிடாவிட்டால் திரும்பி ஆப்பிரிக்காவுக்கே வந்து சேரும் அளவுக்கு எரிபொருளைச் சுமக்க வேண்டும். வருகிற விமானத்துக்கு ஒரு கண்டமே எதிரே விரிந்து கிடக்கிறது. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். தூரம் ஒன்றுதான். ஆனால், தீவுக்குப் போவதும் தீவிலிருந்து வருவதும் ஒன்றல்ல.

விமானம் வந்ததால் தீவு பணக்காரத் தீவாகிவிடவில்லை. எதிர்பார்த்த அளவு சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. சரக்கு இன்னமும் கப்பலில்தான் வருகிறது. மாறியிருப்பது வேறு. இப்போது அவசர நோயாளிக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆம்புலன்ஸ் விமானம் வரவழைக்க முடியும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. 28.5 கோடி பவுண்டை வருமானக் கணக்கில் மட்டும் எடைபோடுகிறவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுகிறார்கள்.

---

பெட்டிச் செய்தி: விமானமே இல்லாத ஊர்

செயின்ட் ஹெலினாவிலிருந்து தெற்கே சுமார் 2,400 கிலோமீட்டரில் இருக்கிறது டிரிஸ்டன் ட குன்யா. மக்கள் தொகை 250ஐ எட்டாது. ஓடுபாதை கிடையாது. கேப்டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் போல ஆகும். கடல் கொந்தளித்தால் வந்த கப்பலும் கரை சேர முடியாமல் காத்து நிற்கும். 1961இல் எரிமலை வெடித்தபோது தீவு மக்கள் அத்தனை பேரும் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1963இல், நகர வாழ்க்கையை விட்டுவிட்டு, பெரும்பாலானவர்கள் தீவுக்கே திரும்பிவிட்டார்கள்.

---

ஒரே ஓடுபாதை, ஒரே விமானம்

மோவாய் சிலைகளுக்குப் பேர்போன ஈஸ்டர் தீவுக்கு, ராப்பா நூயிக்கு, முதன்முதலில் சிலியிலிருந்து விமானம் வந்தது 1951 ஜனவரியில். ரோபெர்த்தோ பர்ராகே என்ற விமானப்படை அதிகாரி, 'மானுதாரா' என்று பெயரிட்ட கடல்விமானத்தில் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் இரவும் பகலும் பறந்து வந்து சேர்ந்தார். இன்றைக்கு அதே தூரம் சாண்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுவதால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு.

தீவின் மத்தாவெரி விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. ஆனால், நீளம் 3,300 மீட்டருக்கு மேல். இவ்வளவு சின்னத் தீவுக்கு இவ்வளவு நீளம் எதற்கு? அமெரிக்காவின் விண்வெளி ஓடம் அவசரமாக இறங்க நேர்ந்தால் உதவும் என்று 1980களில் நாசா அதை நீட்டித்துக் கொடுத்தது. ஓடம் ஒன்றும் அங்கே இறங்கவில்லை. பெரிய ஜெட் விமானங்கள் இறங்கின, அவற்றோடு சுற்றுலாவும்.

மனிதர் வாழும் அடுத்த நிலமான பிட்கேர்ன் தீவு சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அங்கே ஓடுபாதையே இல்லை. எனவே, ஒரு விமானம் இறங்கும்போது டயர் வெடித்து ஓடுபாதையிலேயே நின்றுவிட்டால், பின்னால் வரும் விமானத்துக்குப் போக்கிடம் இல்லை. முதல் விமானம் பத்திரமாக இறங்கும்வரை இரண்டாவது விமானம் திரும்பிப்போக முடியாத புள்ளியைக் கடக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் அங்கே போக்குவரத்தை நடத்துகிறார்கள்.

விமானம் கொண்டுவரும் நன்மைக்கும் கெடுதலுக்கும் இந்தத் தீவே நல்ல சாட்சி. எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு ஆண்டுக்கு லட்சம் பேர் வரத் தொடங்கினார்கள். குப்பை சேர்ந்தது, குடிநீரும் கழிவுநீரும் பிரச்சினையாயின, வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் தங்கினார்கள். 2018 ஆகஸ்டில் சிலி அரசு புது விதி கொண்டுவந்தது. வெளியாட்கள், சிலிக்காரர்களே ஆனாலும், 30 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பயணிகள் விமானம் நின்றது. 2022 ஆகஸ்ட் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், தீவு சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியே இருந்தது. சுற்றுலாவை நம்பிப் பிழைத்தவர்கள் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட்டார்கள், மீன்பிடிக்கப் போனார்கள். 'தபு' என்ற மூதாதையரின் கட்டுப்பாட்டு நெறிக்குத் திரும்புவோம் என்று மேயர் பேத்ரோ எட்மண்ட்ஸ் அழைப்பு விடுத்தார். திறக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் மூடியே வைத்திருக்கலாமா என்பதில் தீவே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நோய் முற்றினால் கொண்டுபோகப் பெரிய மருத்துவமனை 3,700 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற நினைப்பில்லாமல் அந்த வாதம் நடந்திருக்காது.

யார் காசு கொடுப்பது?

அலாஸ்காவில் ரேங்கல், பீட்டர்ஸ்பர்க் என்று இரண்டு மீன்பிடி ஊர்கள். வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பு கிடையாது. இரண்டுக்கும் இடையே 50 கிலோமீட்டர். அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737, நம் ஊரில் சென்னை-மும்பை பறக்கும் அதே ரகம், சியாட்டிலிலிருந்து கிளம்பி ஊர் ஊராக இறங்கி ஏறி இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுப் போகிறது. இரண்டுக்கும் நடுவே விமானம் முழு உயரத்துக்கு ஏறுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும்.

லாபக் கணக்குப் பார்த்தால் இப்படியொரு பாதை ஓடாது. 1978இல் விமானத் தொழிலின் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோதே, சிற்றூர்களை நிறுவனங்கள் கைவிட்டுவிடும் என்பதை அமெரிக்க நாடாளுமன்றம் உணர்ந்திருந்தது. அத்தியாவசிய விமான சேவை என்ற பெயரில் மானியத் திட்டம் ஒன்றை அப்போதே சேர்த்தது. அது இன்றும் நடக்கிறது. ஆர்க்னியிலும் அப்படித்தான். தீவுகளுக்கு இடையிலான விமானத்துக்கு உள்ளூர் கவுன்சில் பணம் கொடுக்கிறது. வாரத்தில் எத்தனை முறை பறக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஒப்பந்தம் சொல்லிவிடுகிறது. சாலைக்கு யாரும் லாபக் கணக்குக் கேட்பதில்லை. கடல் நடுவே வசிப்பவனுக்கு இதுதான் சாலை என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பக்கத்து வீடு தூரமான கதை

தூரத்தைக் கடலும் காற்றும் மட்டும் உண்டாக்குவதில்லை என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். கோயம்புத்தூரைவிடக் கிட்டே. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இயக்கியபோது, இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. பிறகு வந்த போர் அந்த வானத்தை மூடியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல், யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர வேண்டுமென்றால் தெற்கே கொழும்புவரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் சாலையில் போய், பிறகு விமானம் ஏறி, தன் ஊருக்கு மேலேயோ பக்கத்திலேயோ பறந்து வடக்கே வர வேண்டும். போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அந்தச் சாலையும் இல்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. ஓடுபாதை சின்னது என்பதால் ஏடிஆர் காற்றாடி விமானம்தான். சில மாதங்களில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் வந்தது. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பயணம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பாட்டிகள், சிதம்பரத்துக்கு வரும் பக்தர்கள், சிகிச்சைக்கு வருபவர்கள் என்று அந்தச் சின்ன விமானம் சுமக்கும் உறவுகள் நிறைய. பெரிய விமானம் இறங்குமளவுக்கு அந்த ஓடுபாதையை நீட்டிப்பதை இரு அரசுகளும் தள்ளிப்போடக் கூடாது.

நம் தீவுகள்

லட்சத்தீவில் ஓடுபாதை உள்ள ஒரே தீவு அகத்தி. 1988இல் திறக்கப்பட்டது. சுமார் 1,200 மீட்டர் நீளம்; இரு முனையிலும் கடல். எழுபது பேருக்கு மேல் ஏறக்கூடிய ஏடிஆர் விமானம் இங்கே முழுச் சுமையோடு வந்துபோக முடியாது. கொச்சியிலிருந்து கப்பலில் வந்தால் பதினான்கு மணி நேரத்திலிருந்து பதினெட்டு மணி நேரம். மற்ற தீவுகளில் ஒருவருக்கு உடல்நிலை மோசமானால் ஹெலிகாப்டர் வர வேண்டும். மழைக்காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் அதுவும் சிரமம். 2024 தொடக்கத்தில் லட்சத்தீவுச் சுற்றுலா திடீரென எல்லோர் வாயிலும் அடிபட்டது. பெங்களூரிலிருந்தும் விமானம் விட்டார்கள். நல்லதுதான். ஆனால், கொச்சி மருத்துவமனைக்குப் போக வேண்டிய தீவுவாசியும், பவளப்பாறை பார்க்க வரும் பயணியும் போட்டிபோடுவது அதே சில இருக்கைகளுக்காக.

அந்தமானுக்குச் சென்னையிலிருந்து 1,370 கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறினால் மூன்று நாள். போர்ட் பிளேர் என்ற பழைய பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய தலைநகரோடு பெரும்பாலான பயணிகளின் பயணம் முடிந்துவிடுகிறது. தீவுக்கூட்டம் அங்கே முடிவதில்லை. இன்னும் 530 கிலோமீட்டர் தெற்கே, கிரேட் நிகோபாரில், கேம்பல் பே இருக்கிறது. 1969இலிருந்து முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றிய ஊர் அது. பஞ்சாப், மகாராஷ்டிரக் குடும்பங்களோடு தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அங்கே போயின. 2004 சுனாமி அந்தத் தீவின் கரையோரச் சாலையைத் துண்டுதுண்டாக்கியது. நாட்கணக்கில் வெளித்தொடர்பு இல்லை. 2012இல் 'ஐ.என்.எஸ். பாஸ்' என்ற கடற்படை விமானத்தளம் அங்கே தொடங்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கோ, தலைநகருக்குப் போக ஹெலிகாப்டரில் இடம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து லண்டன் போய்ச் சேர்கிறவர், கேம்பல் பே போகிறவரைவிடச் சீக்கிரம் வீடு சேர்ந்துவிடுவார்.

---

பெட்டிச் செய்தி: உடான் கணக்கு

சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லா-டெல்லி பாதையில் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாயை ஒட்டிய கட்டண உச்சவரம்பு. நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டு மானியம்.

2023இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஆய்வு செய்த 774 பாதைகளில் 403 பாதைகள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டை முடித்தவை 112. மானியக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

சேலத்துக்கு இந்தத் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னையிலிருந்து விமானம் வந்தது. பிறகு நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது.

---

சேலத்தில் விமானம் நின்றபோது மக்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிக்கொண்டார்கள். வசதிக் குறைவு, அவ்வளவுதான். அகத்தியில் விமானம் நின்றால் ஏற ரயில் இல்லை. உடான் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. மூன்று ஆண்டு மானியம், அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை சேலத்துக்கு நியாயம். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு எந்தக் காலத்திலும் ஒரு விமான நிறுவனத்துக்கு லாபம் சம்பாதித்துக் கொடுக்கும் அளவுக்கு வளரப்போவதில்லை. வளர்ந்தால் அந்தத் தீவு தாங்காது என்பதை ராப்பா நூயி காட்டிவிட்டது.

2025-26 பட்ஜெட்டில் உடான் திட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்து, 120 புதிய இடங்களை இணைக்கப்போவதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அந்த 120க்குள் தீவுகளையும் எல்லைப்புற மலை ஊர்களையும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவற்றுக்கு மானியத்தில் ஆண்டு வரம்பு இருக்கக் கூடாது. வாரத்துக்கு இத்தனை முறை பறந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு விமானத்திலும் உள்ளூர்க்காரர்களுக்கும் நோயாளிகளுக்கும் சில இருக்கைகளை, கடைசி நாள்வரை விற்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பெருநகர மேம்பாலத்தின் செலவை நெருங்காது. லட்சத்தீவுக்கும் நிகோபாருக்கும் இதை முதலில் செய்துகாட்டுங்கள்.